யாகூத் தீவிலிருந்து லேசர் வரை: நமது மண்ணின் சிவப்புக் கல்லும் நமது பிள்ளைகளின் கண்ணும்

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளமானது. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவருக்கும் காட்டுங்கள். கடைத்தெருவில் வாங்கிய லேசர் டோர்ச் பிள்ளையின் பையில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லி விடுகிறோம். சில வருடங்களுக்கு முன்னர் பாடசாலை ஆய்வுகூடத்தில் உயர்தர மாணவர்களுக்கு ஒளியின் அலைநீளத்தை அளந்து காட்ட நினைத்தோம். பழைய சீடி ஒன்றும், பாதையோரக் கடையில் வாங்கிய பேனை லேசரும் இருந்தன. படம் நன்றாகத் தெரிய வேண்டுமென்று யன்னல்களை மூடி, மின்விளக்குகளையும் அணைத்தோம். சீடியைக் கையில் பிடித்திருந்த மாணவன் அதைச் சற்றுத் திருப்பினான். தெறித்த ஒளி முன் வாங்கில் இருந்த பிள்ளையின் முகத்தில் போய் விழுந்தது. "சேர், ஒரு கண்ணில புள்ளி புள்ளியாத் தெரியுது" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எங்கள் கைகால் நடுங்கிவிட்டன. கண் வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அல்ஹம்துலில்லாஹ், நிரந்தரப் பாதிப்பு எதுவுமில்லை. ஆனால் அன்று இரவு அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் நடந்ததைச் சொல்லும்போது எங்கள் குரல் எழவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், அந்த லைட் எவ்வளவு பலமானது?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பலம் தெரியாத ஒரு கருவியைப் பிள்ளைகளின் முன்னால் இயக்கியிருக்கிறோம்!

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனோம். தேடல் எங்களை ஆயிரம் வருடம் பின்னால் கொண்டு போனது, நமது மண்ணையும் தொட்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

ஸரந்தீபின் சிவப்புக் கல்

கேகாலையிலிருந்து தெற்கே போய் மாவட்ட எல்லையைத் தாண்டினால் இரத்தினபுரி. அங்கே மாணிக்க அகழியில் இறங்கி, 'இல்லம' என்ற சரளை மண்ணை அள்ளி, கூடையில் போட்டு அலசுவார்கள். நமது உறவினர் பலரும் கல் வெட்டியும், மெருகிட்டும், விற்றும் வாழ்ந்தவர்கள். பழைய அறபிகள் இந்தத் தீவை ஸரந்தீப் என்றார்கள். 'ஜஸீரதுல் யாகூத்', அதாவது மாணிக்கத் தீவு என்றும் அழைத்தார்கள்.

973இல் பிறந்த அல்பீரூனி இரத்தினக்கற்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் சிவப்புக் கற்களை, நீரில் அமிழ்த்தி எடை ஒப்பிட்டுப் பிரித்தறிந்தவர் அவர். 1344இல் பாவா ஆதம் மலைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணமொன்றைக் கண்டதாகத் தனது பயண நூலில் சொல்கிறார்.

சிவப்பு யாகூத் என்பது என்ன? உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்குத் தெரியும். அது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த கொரண்டம் என்ற பளிங்கு. சுத்தமாக இருந்தால் நிறமே இல்லை. அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் அணு புகுந்துவிட்டால் கல் சிவக்கிறது. இரும்பும் தைத்தானியமும் புகுந்தால் அதே கல் நீலமாகிறது. அந்தக் குரோமிய அணுவுக்கு ஒரு குணம் உண்டு: பச்சை ஒளியையும் ஊதா ஒளியையும் விழுங்கி, சிவப்பு ஒளியாகத் திருப்பித் தரும். இதை மனதில் வைத்திருங்கள். கதை இங்கேதான் திரும்பும்.

கண் நோகிறது என்று தொடங்கியவர்

பஸ்ராவில் சுமார் 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னுல் ஹைஸம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதினார். அதுவரை பெரிய அறிஞர் பலர், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று நம்பினார்கள். இப்னுல் ஹைஸம் மிக எளிய ஓர் அனுபவத்தை எடுத்துக்கொண்டார். சூரியனை உற்றுப் பார்த்தால் கண் நோகிறது. பார்வையைத் திருப்பிய பிறகும் அதன் உரு கொஞ்ச நேரம் கண்ணில் நிற்கிறது. அப்படியானால் ஒளிதான் கண்ணுக்குள் வந்து ஏதோ செய்கிறது!

கவனியுங்கள். ஒளியியலின் அந்தப் பெரிய நூல், ஒளி கண்ணைத் துன்புறுத்தும் என்ற உண்மையிலிருந்தே தன் வாதத்தைத் தொடங்குகிறது. இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் நேர்கோட்டில் வந்து தனித்தனியே சுவரில் விழுவதையும் அவர் சோதித்துக் காட்டினார். 2015ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அந்த நூலின் ஆயிரமாவது ஆண்டும் அதனோடு சேர்த்து நினைவுகூரப்பட்டது.

மாணிக்கத்திலிருந்து பிறந்த ஒளி

1917இல் ஐன்ஸ்டைன் ஒரு கருத்தைச் சொன்னார். சக்தி ஏற்றப்பட்ட அணுவொன்றைப் பொருத்தமான ஒளித்துணிக்கை கடந்து போனால், அணு தன் சக்தியை அதேபோன்ற இன்னொரு ஒளித்துணிக்கையாக வெளியிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எல்லாம் ஒரே நிறம், ஒரே திசை, ஒரே அசைவு. தொழுகைக்கு ஸஃப் கட்டி நிற்பது போல என்று வகுப்பில் சொல்வோம். மின்குமிழின் ஒளி சந்தைக் கூட்டம், லேசர் ஒளி ஸஃப்.

1958இல் டௌன்ஸ், ஷோலோ என்ற இரு அமெரிக்கர்கள் அப்படியொரு கருவியை எப்படிக் கட்டலாம் என்று எழுதினார்கள். பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டன. மாணிக்கம் இதற்குச் சரிவராது என்பதே பலரின் எண்ணம். கலிபோர்னியாவில் ஹியூஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்த தியடோர் மெய்மன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார், சரிவரும் என்று கண்டார். விரல் நுனியளவு மாணிக்கத் துண்டொன்றின் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, சுருள் வடிவப் புகைப்பட மின்விளக்கின் நடுவில் வைத்தார். 1960 மே 16ஆம் திகதி விளக்கு மின்னியது. குரோமிய அணுக்கள் பச்சையையும் ஊதாவையும் விழுங்கின, 694.3 நானோமீற்றர் சிவப்பு ஒளி பாய்ந்து வெளியே வந்தது. உலகின் முதல் லேசர் அதுதான். அவருடைய கட்டுரையை ஒரு சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு 'நேச்சர்' சஞ்சிகை ஓகஸ்டில் அதை வெளியிட்டது.

"அப்படியென்றால் அது எங்கட கல்லா சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. பெருமைக்காகப் பொய் சொல்லக்கூடாது. அது ஆய்வுகூடத்தில் வளர்த்த செயற்கை மாணிக்கம். ஆனால் நமது அகழியில் கிடைக்கும் சிவப்புக் கல்லும் அதுவும் ஒரே பொருள்தான். இன்று உலக ஆய்வுகூடங்களில் மிக அதிகம் பயன்படும் லேசர்களில் ஒன்று நீலக்கல்லின் உறவுதான்: கொரண்டத்தில் தைத்தானியம் சேர்த்து 1982இல் உருவானது.

அதே 1960 டிசம்பர் 12இல் பெல் ஆய்வுகூடத்தில் இன்னொரு பாய்ச்சல். தெஹ்ரானில் பிறந்த அலி ஜவான் என்ற அறிஞர், பென்னெட், ஹெரியட் என்ற இருவரோடு சேர்ந்து ஹீலியம், நியோன் வாயுக்களை வைத்து முதல் வாயு லேசரை இயக்கினார். மாணிக்க லேசர் மின்னி மின்னி அணைந்தது, இது அணையாமல் தொடர்ந்து எரிந்தது. மறுநாளே அந்த ஒளிக்கற்றையில் தொலைபேசி உரையாடலை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முதல் வாயு லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நாம் ஆய்வுகூடங்களில் காணும் 632.8 நானோமீற்றர் சிவப்பு வகை 1962இல் வந்தது.

விலை கொடுத்துப் படித்த பாடம்

மெய்மனின் செய்தி வெளிவந்ததும் பத்திரிகைகள் 'மரணக் கதிர்' என்று தலைப்புப் போட்டன. அந்தக் கதிர் யாரையும் சுட்டெரிக்கவில்லை. உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருந்தது. சில வருடங்களுக்குள்ளேயே விழித்திரை எரிந்த ஆராய்ச்சியாளர்களைப் பற்றி வைத்தியச் சஞ்சிகைகள் எழுதத் தொடங்கின.

1977இல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தனக்கு நேர்ந்ததைத் தானே எழுதினார். கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீற்றர் ஒளி, ஒரே ஒரு துடிப்பு. அளவு 6 மில்லியூல், நீடித்த நேரம் ஒரு செக்கனின் 10 கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்குள் ஏதோ வெடிக்கும் சத்தம் கேட்டது. பார்வையில் இரத்தம் மிதந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அவருடைய ஆய்வுகூடத்தில் இருந்தது. அவர் அதை அணிந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்தே சட்டதிட்டங்கள் வந்தன. 1973இல் அமெரிக்காவின் முதல் லேசர் பாதுகாப்பு நியமமும், 1984இல் சர்வதேச நியமமும் வெளியாகின. கண்ணுக்குத் தெரியும் ஒளி தொடர்ந்து தரும் லேசர்களின் வகுப்புகளை இப்படிச் சுருக்கலாம். 2ஆம் வகுப்பு 1 மில்லிவாற்று வரை. 3ஆர் வகுப்பு 5 வரை. 3பி வகுப்பு 500 வரை. நேர்க்கதிரும் கண்ணாடியில் தெறித்த கதிரும் கண்ணைக் கெடுக்கும். அதற்கு மேல் 4ஆம் வகுப்பு. சுவரில் பட்டுச் சிதறும் ஒளியே ஆபத்து, தோலும் எரியும், தீயும் பற்றும். 1995இல் உலக நாடுகள் வியன்னாவில் கூடி, மனிதரைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டன. போரில் கூடச் செய்யக்கூடாது என்று உலகம் தடுத்ததை, நமது பிள்ளைகள் விளையாட்டாக ஒருவர் முகத்தில் ஒருவர் செய்கிறார்கள்.

அந்த வாப்பாவின் கேள்விக்குப் பதில்

"எவ்வளவு பலமானது?" வெறும் 5 மில்லிவாற்று என்று பேனையில் எழுதியிருந்தது. வீட்டு மின்குமிழ் 5 வாற்று, அதைவிட ஆயிரம் மடங்கு. பிறகு ஏன் லேசர் ஆபத்து?

குமிழின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, கண்ணுக்குள் வருவது துளி. லேசர் ஒளி முழுவதும் ஒரே கற்றையாகக் கண்மணிக்குள் புகுந்துவிடும். இருட்டில் நமது கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். கண்வில்லை அந்த ஒளியைக் குவித்து, விழித்திரையில் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் அகலப் புள்ளியாக்கிவிடும். இரு வட்டங்களின் பரப்பையும் பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும்: ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் செறிவு. ஒரு மில்லிவாற்று லேசர் கூட, சூரியனை நேரே பார்ப்பதை விடச் செறிவான புள்ளியை விழித்திரையில் உண்டாக்கும். நாம் இமைத்துத் திரும்ப எடுக்கும் கால் செக்கன்தான் நமக்குள்ள காவல். அகச்சிவப்புக்கு அந்தக் காவலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு இமை மூடாது. விழித்திரையில் வலி உணரும் நரம்பும் இல்லை, எரிந்தது தெரியாமலே எரியும். எரிந்த கலம் திரும்ப முளைக்காது.

அன்று நாங்கள் செய்த தவறு இப்போது விளங்குகிறதா? விளக்கை அணைத்துப் பிள்ளைகளின் கண்மணிகளை நாங்களே விரித்து வைத்தோம்.

அதே ஒளிதான் மருந்தும். 1945 சூரிய கிரகணத்தைப் பார்த்துக் கண் எரிந்த ஒருவரைப் பரிசோதித்த ஜெர்மன் வைத்தியர் மேயர் ஷ்விகராத், ஒளியால் எரிக்க முடியுமானால் ஒளியால் ஒட்டவும் முடியுமே என்று யோசித்தார். அந்த வழியில் வந்ததுதான் லேசர் கண் சிகிச்சை. சீனி வருத்தத்தால் விழித்திரையில் இரத்தக் குழாய் கசியும்போது, வைத்தியர் அளந்து வைக்கும் லேசர் புள்ளிகள் நமது எத்தனையோ வாப்பாமார், உம்மாமாரின் பார்வையைக் காப்பாற்றியிருக்கின்றன. இரண்டிலும் வித்தியாசம் ஒளியில் இல்லை. அளவிலும் அறிவிலும் இருக்கிறது.

நமது கல் வியாபாரத்துக்கும் இது தேவை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், 1928இல் ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுவதைக் கண்டுபிடித்தார். அதற்கு 1930இல் நோபல் பரிசும் கிடைத்தது. மங்கலான அந்த மாற்றத்தைச் சுலபமாகப் பார்க்க வைத்தது லேசர்தான். இன்று கல்லை உடைக்காமல் லேசரைப் பாய்ச்சி, அது மாணிக்கமா, ஸ்பினலா, கண்ணாடியா என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும். 2001, 2002 காலத்தில் பெரிலியம் ஏற்றி நிறம் மாற்றிய கற்கள் பத்மராகம் போன்ற விலையுள்ள கற்களின் பெயரில் சந்தைக்கு வந்தபோது, அதைக் காட்டிக்கொடுத்த முறைகளில் ஒன்றும் லேசரே. அல்பீரூனி நீரில் எடை பார்த்துச் செய்த வேலையைத்தான் இன்று ஒளி செய்கிறது.

இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு லேசரை நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். நிறுத்தவில்லை. தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒளியின் அலைநீளத்தைத் தன் கையால் அளக்க வேண்டும். ஆனால் ஒழுங்கு மாறிவிட்டது. மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம்.

1. வகுப்பும் அலைநீளமும் சரியாகப் பொறிக்கப்பட்ட, 1 மில்லிவாற்றுக்கு மேற்படாத 2ஆம் வகுப்பு லேசர் மட்டும். பாதையோரப் பேனை லேசர் உள்ளே வராது.

2. லேசரைக் கையில் பிடிப்பதில்லை. பலகையில் இறுக்கி வைக்கிறோம். கற்றையின் உயரம் இருப்பவரின் கண்ணுக்கும் நிற்பவரின் கண்ணுக்கும் நேரே வராது. கதவுப் பக்கம் திருப்புவதில்லை.

3. கற்றை போய் முடியும் இடத்தில் மங்கலான கறுப்புப் பலகை. சீடியை மூன்று பக்கம் மூடிய அட்டைப் பெட்டிக்குள் பொருத்துகிறோம். தெறிக்கும் ஒளி பெட்டியைத் தாண்டாது.

4. மணிக்கூடு, மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி மேசை லாச்சியில். பளபளக்கும் அடிமட்டமும் வேண்டாம்.

5. அறை விளக்கு எரியட்டும். கண்மணி சுருங்கியிருக்கட்டும்.

6. எல்லாவற்றையும் பொருத்திய பிறகே லேசர் எரியும். எதையாவது அசைக்க வேண்டுமானால் முதலில் அணைக்க வேண்டும். ஆளியைத் தொடுபவர் ஒருவரே, "எரியப் போகுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

7. கற்றை எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. வெள்ளை அட்டையைப் பிடித்து, அதில் விழும் புள்ளியைப் பார்க்கிறோம்.

8. பழைய ஹீலியம் நியோன் லேசர் கிடைத்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். குழாய் எரிய ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் வேண்டும். அணைத்த பின்னும் கொள்ளளவியில் மின் தேங்கியிருக்கும். லேசர் ஆய்வுகூடங்களில் உயிரைப் பறித்தது பெரும்பாலும் ஒளியல்ல, மின்சாரம்.

பல்கலைக்கழகம் போகும் நமது பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை. 3பி, 4ஆம் வகுப்பு லேசர் உள்ள அறையில், அந்த அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பச்சை ஒளிக்குச் செய்தது சிவப்பைத் தடுக்காது. வெயில் கண்ணாடி எதையுமே தடுக்காது. 1977இன் கதையை மறக்காதீர்கள்: கண்ணாடி அலுமாரியில் இருந்தால் போதாது, முகத்தில் இருக்க வேண்டும்.

இத்தனை ஒழுங்கோடு அளந்தால் என்ன கிடைக்கும்? சீடியின் தடங்களுக்கிடையே தூரம் 1.6 மைக்ரோமீற்றர். 650 நானோமீற்றர் சிவப்புக் கற்றை நேரே பட்டால் முதல் புள்ளி ஏறத்தாழ 24 பாகை விலகும். பிள்ளைகள் பெட்டிக்குள் அடிமட்டம் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, 640, 660 என்று விடை சொல்லும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். தலைமுடியின் நூறில் ஒரு பங்கை மரத்துண்டு அடிமட்டத்தால் அளந்துவிட்டார்கள்!

பெற்றோருக்கு

பெருநாள், வெசாக், திருவிழாக் கடைகளில் கிடைக்கும் பச்சை லேசரை விளையாட்டுச் சாமானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள இலக்கத்தை நம்ப முடியாது. பல பச்சை லேசர்கள் உள்ளே அகச்சிவப்பு ஒளியை உண்டாக்கி, அதைப் பச்சையாக மாற்றுபவை. மலிவாகச் செய்ததில் வடிகட்டி இல்லாவிட்டால், பச்சையோடு கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்ந்து வெளியே வரும். பஸ் சாரதி, மோட்டார் சைக்கிளில் வருபவர், விமானம், யார் மேலும் அடிக்கக்கூடாது.

பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்க விடாதீர்கள், வீட்டு மருந்து ஊற்றாதீர்கள். புள்ளி மறையாவிட்டால், எழுத்து வளைந்து தெரிந்தால், நடுவில் இருண்டு தெரிந்தால், அன்றே கண் வைத்தியரிடம் போங்கள். பட்ட லேசரையும் கையோடு கொண்டு போங்கள். ஏசுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள். தயவு செய்து ஏசாதீர்கள்.

மே 16ஐ இப்போது உலகம் சர்வதேச ஒளி தினமாகக் கொண்டாடுகிறது, மெய்மனின் மாணிக்கம் ஒளிர்ந்த நாள். அடுத்த மே 16இல், இன்ஷா அல்லாஹ், எங்கள் ஆய்வுகூடத்தைப் பெற்றோருக்குத் திறந்து வைக்க எண்ணியிருக்கிறோம். அன்று கண்ணில் புள்ளி தெரிகிறது என்று சொன்ன பிள்ளையின் வாப்பாவையும் அழைத்திருக்கிறோம். அவருடைய கேள்விக்கான பதிலை இந்த முறை அவருடைய பிள்ளையே அளந்து காட்டும்.

 பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.